வேட்டைப் பருவத்தில் மான்கள் குறைவாகத் தென்படுவது ஏன்?

வட அமெரிக்காவில் பரவலாக வாழும் மானினம் வெண்வால் மான் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது வாழும் மாநிலங்கள் பலவும் இதனை வேட்டையாட ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களை ஒதுக்குகின்றன. பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும் இந்நாட்கள் வேட்டைப் பருவம் எனப்படுகின்றன. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும்.) கோடையில் வயல்களில் கூட்டமாக மேய்ந்த மான்கள், இப்பருவத்தில் அரிதாகவே கண்ணில் படுகின்றன. வேட்டையில் சில இறப்பது ஒரு காரணமே. உயிரோடு இருப்பவையும் தென்படாமல் போவதற்கு வேறு காரணங்கள் உள்ளன.

உணவு மாற்றம்

இலையுதிர் காலத்தில் சோயா, சோளம் போன்ற பயிர்கள் அறுவடையாகின்றன. அதே வேளையில் காட்டில் ஓக் மரங்களின் கொட்டைகள் உதிர்கின்றன. மான்கள் இவற்றை விரும்பி உண்பதால், உணவுக்காக வெட்டவெளிக்கு வரவேண்டிய தேவை குறைகிறது.

நிற மாற்றம்

கோடையில் செம்பழுப்பாக இருந்த உரோமம் உதிர்ந்து, சாம்பல் கலந்த பழுப்பு உரோமம் வளர்கிறது. உலர்ந்த காட்டின் நிறத்தோடு இது ஒன்றிவிடுவதால், அருகில் நிற்கும் மானைக்கூடக் காண்பது கடினம்.

நடத்தை மாற்றம்

மான்களின் மோப்பமும் செவிப்புலனும் கூர்மையானவை. மனித நடமாட்டம் பெருகியதும் அவை எச்சரிக்கை அடைகின்றன. எனினும் பெரும்பாலானவை தம் வாழிடத்தை விட்டு ஓடிவிடுவதில்லை. பகலில் அடர்ந்த புதர்களிலும் சதுப்பு நிலங்களிலும் படுத்திருந்து, இருட்டிய பின் மேய வருகின்றன. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை பொருத்தி நடத்திய ஆய்வுகள் இதனை உறுதி செய்துள்ளன. வேட்டைக்காரர்கள் காத்திருக்கும் இடங்களை மான்கள் பகலில் தவிர்த்து, இரவில் அங்கேயே வருகின்றன.

மான்களின் உடலமைப்பும் இதற்கு உதவுகிறது. அவை அசைபோடும் விலங்குகள். விரைவாக மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, மறைவிடத்தில் படுத்து நிதானமாக அசைபோட முடியும்.

ஒரு விதிவிலக்கு

வட மாநிலங்களில் நவம்பர் நடுப்பகுதி மான்கள் இணைசேரும் உச்சக் காலம். அப்போது ஆண் மான்கள் எச்சரிக்கை குறைந்து, பெண் மான்களைத் தேடிப் பகலிலும் அலைகின்றன. எனவே சில நாட்கள் அவை கூடுதலாகத் தென்படலாம்.

காண்பதும் கணக்கிடுவதும்

கண்ணில் படவில்லை என்பதால் மான்கள் அழிந்துவிட்டன என்று முடிவு செய்யக்கூடாது. அவ்வாறு கருதி வேட்டை அனுமதிகளைத் தேவைக்கு மேல் குறைத்தால், மான்கள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்துவிடும். சாலை விபத்துகளும் கூடும். உண்மையிலேயே குறைந்திருக்கும்போது அதனைக் கவனியாமல் விடுவதும் தீங்கே. ஆகவே மாநில வனவிலங்குத் துறைகள் கண்ணால் கண்டதை மட்டும் நம்புவதில்லை. வேட்டையாடப்பட்ட மான்களின் எண்ணிக்கை, ஆண் பெண் விகிதம், பல் தேய்மானத்தைக் கொண்டு அறியப்படும் வயது ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிடுகின்றன.