தோட்டம் ஏன் கிராமம் ஆகவில்லை?

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று நம் பெரியவர்களைக் கேட்டால், பலரும் ஒரு தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த இடம் அவர்களுக்கு ஊர்தான். ஆனால் நிலப் பதிவேட்டில் அது ஒரு நிறுவனத்தின் விவசாய நிலம். கிராமங்களுக்குக் கிடைத்த பலவும் தோட்டங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம்.

நம் நாட்டின் கிராமப்புறம் ஒரே விதமாக உருவானதில்லை. மலாய்க் கம்போங்கள் ஆற்றோரத்திலும் வயலோரத்திலும் வளர்ந்தவை. அவற்றில் பலவற்றின் நிலத்தை 1913-இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் காத்தது. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டனர். அது கட்டாயக் குடியேற்றம், துன்பத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தப் புதுக்கிராமங்களுக்குச் சாலை, பள்ளி, நிலக் குத்தகை என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1956-இல் அமைந்த ஃபெல்டா, குடியேறிய குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் பயிர்நிலமும் வீட்டு மனையும் என்ற கணக்கில் தொடங்கியது.

தோட்டத்தின் கதை வேறு. லயன் வீடுகள், ஆயா கொட்டகை, பள்ளி, கோயில், கள்ளுக்கடை எல்லாம் வேலையைச் சுற்றியே அமைந்தன. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும், அதற்கு வீடு பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை போனால் வீடும் போனது. தனியார் நிலம் என்ற காரணத்தால் அரசாங்கத்தின் கிராமப்புற மேம்பாட்டு நிதியும் வேலியோடு நின்றது. 1966-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலாளிக்குக் கடமைகளை விதித்தது. தொழிலாளிக்கு வீட்டைச் சொந்தமாக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சிறுகச் சிறுக வெள்ளி சேர்த்து நிலம் வாங்கலாம் என்று 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பல தோட்டங்களை வாங்கவும் செய்தது. எல்லாத் தோட்டங்களையும் காக்க அது ஒன்றால் முடியுமா?

ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டத்தில். புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பிராங் புசார் தோட்டம் இருந்தது. 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் அது. அங்கும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த நம் மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். விரிசல் விட்ட சுவர்களுக்கு நடுவே, தரை வீடு கேட்டு அவர்கள் காத்திருந்த ஆண்டுகள் கொஞ்சமல்ல.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்க, தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. உங்கள் பள்ளியும் கோயிலும் யார் பெயரிலுள்ள நிலத்தில் நிற்கின்றன என்பதையும், நிலம் கைமாறும் பேச்சு எழுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். லாட் எண்ணும் முக்கிமின் பெயரும் தெரிந்தால், கட்டணம் செலுத்தி யாரும் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம்.