வீட்டுச் சேமிப்பகம் வாங்கினால் மட்டும் போதுமா? என்ஏஎஸ் கருவியை அமைப்பதும் காப்பதும் எப்படி

காரோடு: கைபேசியில் எடுத்த திருமணப் படங்கள், வளைகுடா நாடுகளில் பணியாற்றும் உறவினர்கள் அனுப்பிய காணொலிகள், ஸ்கேன் செய்யப்பட்ட நிலப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, குடும்பத்தினர் அனைவரும் பயன்படுத்த உதவும் கருவி வீட்டு வலையமைப்புச் சேமிப்பகம். சுருக்கமாக 'என்ஏஎஸ்' என அழைக்கப்படும் இக்கருவிக்கு இந்திய நகரங்களைத் தாண்டி ஊரகப் பகுதிகளிலும் இப்போது தேவை உள்ளது. எனினும், கருவியை வாங்கி இணைத்துவிட்டால் தரவுகள் பாதுகாப்பாகிவிட்டன என்று கருதுவது சரியன்று. வீட்டிற்கு வெளியே மற்றொரு பிரதி இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமை பெறும்.

எல்லைப் பகுதியில் ஏன் தேவை?

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது காரோடு ஊராட்சி. கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை இங்குதான் நிறைவடைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. இதனால் எல்லையின் இருபுறமும் நிலமும் உறவும் கொண்ட குடும்பங்களிடம் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் ஆவணங்கள் சேர்ந்துள்ளன.

இத்தகைய தாள்களை மழையும் ஈரமும் எளிதில் அழித்துவிடும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தின் பல மாவட்டங்களில் வீடுகளில் இருந்த சான்றிதழ்களும் பத்திரங்களும் சேதமடைந்தன. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் பாறசாலை அருகே ரயில் பாதையில் மண் சரிந்து, நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.

ஸ்கேன் செய்த பிரதி அசல் பத்திரத்துக்குச் சட்டப்படி மாற்றாகாது. ஆனால் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகியவை அதில் இருப்பதால், சான்றளிக்கப்பட்ட நகலுக்கு விண்ணப்பிப்பது எளிதாகிறது.

கூகுள் போட்டோஸ் சேவையில் வரம்பின்றிப் படங்களை இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1ஆம் தேதி முதல் நிறுத்தப்பட்டது. 15 ஜிபி அளவைத் தாண்டுவோர் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதும் வீட்டுச் சேமிப்பகத்தின் மீதான ஆர்வத்துக்கு ஒரு காரணமாகும்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

என்ஏஎஸ் என்பது ஹார்டு டிஸ்க் பொருத்தப்பட்ட ஒரு சிறிய கணினி. இதற்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. ஈதர்நெட் கேபிள் வழியாக வீட்டு ரவுட்டருடன் இணைத்தால், அதே வைஃபையில் உள்ள கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவை இதிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியும்.

வீட்டிற்குள் கோப்புகளைப் பரிமாற இணையம் தேவையில்லை. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் கருவி இயங்கும். நொடிக்கு 1 ஜிகாபிட் வேகமுள்ள கேபிள் இணைப்பில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரை கோப்புகளை நகலெடுக்கலாம். இவ்வேகத்தில் 1 டிபி தரவை மாற்றச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். வைஃபை வழியாக இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், முதல் முறை கேபிளைப் பயன்படுத்துவதே நல்லது.

இரண்டு டிஸ்க்குகள் கொண்ட சிறிய கருவி சராசரியாக 17 வாட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுவதும் இயங்கும்போது மாதத்துக்குச் சுமார் 12 யூனிட் செலவாகும்.

அமைக்கும் முறை

முதலில் டிஸ்க்குகளைத் தேர்வு செய்ய வேண்டும். மேசைக் கணினிக்கான டிஸ்க்குகளை விட, நாள் முழுவதும் இயங்கும் வகையில் என்ஏஎஸ் கருவிகளுக்கென உருவாக்கப்பட்டவை பொருத்தமானவை. தரவுத் தடங்கள் ஒன்றின் மீது ஒன்று படியும் வகையில் எழுதப்படும் 'எஸ்எம்ஆர்' டிஸ்க்குகள், பழுதான டிஸ்க்கை மாற்றியபின் தரவை மீளமைக்கும்போது மிகவும் மெதுவாகச் செயல்படக்கூடும். 'சிஎம்ஆர்' வகை டிஸ்க்குதானா என விவரக் குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

டிஸ்க்குகளைப் பொருத்தி, ரவுட்டருடன் இணைத்து, மின்சாரம் கொடுத்தபின், கணினியின் பிரவுசர் வழியாகக் கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கலாம். அப்போது மென்பொருளைப் புதுப்பிப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். அடுத்து, நிர்வாகிக் கணக்குக்கு வலுவான கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பு முறையும் அமைக்க வேண்டும். குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தருவது நல்லது. ஆவணங்கள் உள்ள கோப்புறையைக் குழந்தைகளின் கணக்கிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்து, திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி செய்யலாம்.

ரவுட்டரில் கருவிக்கு மாறாத ஐபி முகவரி ஒதுக்கினால், மின்தடைக்குப் பின்னரும் மற்ற சாதனங்கள் அதை எளிதாகக் கண்டறியும்.

ரெய்டு முறையின் வரம்பு

இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தரவை எழுதும் முறை 'ரெய்டு 1' எனப்படுகிறது. ரெய்டு என்ற பெயரை 1988ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரை மூலம் பரவலாக்கினர். தலா 4 டிபி கொண்ட இரு டிஸ்க்குகளை இம்முறையில் இணைத்தால், பயன்படுத்தக் கிடைப்பது 4 டிபி மட்டுமே. ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றொன்றில் தரவு இருக்கும்.

ஆனால் இது காப்புப் பிரதி ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அது இரு டிஸ்க்குகளிலிருந்தும் அதே நொடியில் அழிந்துவிடும். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றில் கருவியே போய்விட்டால் இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்தே போகும். கோப்புகளின் முந்தைய நிலையைக் குறிப்பிட்ட இடைவெளியில் பதிவு செய்யும் 'ஸ்னாப்ஷாட்' வசதி தவறுதலான அழிப்பிலிருந்து காக்கும் என்றாலும், கருவியின் இழப்பிலிருந்து காக்காது.

இடி மின்னலும் மின்தடையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மலையாளத்தில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையின்போது, கேரளத்தின் தென்பகுதியில் பிற்பகலிலும் மாலையிலும் இடி மின்னல் அதிகமாக இருக்கும். அந்நேரங்களில் மின் சாதனங்களின் இணைப்பைத் துண்டித்து வைக்குமாறு கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துவது வழக்கம். இது என்ஏஎஸ் கருவிக்கும் பொருந்தும்.

கண்ணாடி இழை கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும், மோடமின் மின் இணைப்பு வழியாக வரும் மின்னழுத்தம் ஈதர்நெட் கேபிளைக் கடந்து சேமிப்பகத்தை அடையக்கூடும். எனவே கருவியை முறைப்படி நிறுத்தியபின், மின் இணைப்பு, ஈதர்நெட் கேபிள் ஆகிய இரண்டையும் கழற்ற வேண்டும். யுபிஎஸ் சாதனம், மின்தடையின்போது கருவி முறையாக நின்றுபோக அவகாசம் தரும். ஆனால் மின்னல் தாக்குதலைத் தடுக்கும் என்று அதை நம்பியிருக்க இயலாது.

இணையத்தில் திறந்து வைப்பதன் ஆபத்து

வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்கும் நோக்கத்தில், ரவுட்டரில் வழி திறந்து கருவியை நேரடியாக இணையத்துடன் இணைப்பதே பலரும் செய்யும் தவறு. 2021 ஜூன் மாதம் உலகின் பல நாடுகளில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' கருவிகள் தொலைவிலிருந்து தொழிற்சாலை நிலைக்குத் திருப்பப்பட்டு, அவற்றிலிருந்த தரவுகள் அழிக்கப்பட்டன. அக்கருவிகளுக்கான மென்பொருள் புதுப்பிப்புகள் 2015ஆம் ஆண்டே நின்றிருந்தன. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' எனும் பிணைத்தொகை மென்பொருள் கியூநாப் நிறுவனக் கருவிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டது.

கேரளத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' மென்பொருள் உலகெங்கும் பரவியபோது, வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. கோப்புப் பகிர்வுக்கான 'எஸ்எம்பி' நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த குறைபாடே அதற்கு வழியாக அமைந்தது. எனவே என்ஏஎஸ் கருவியில் 'எஸ்எம்பி 1' வசதியை முடக்கி வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து அணுக 'வயர்கார்டு' போன்ற விபிஎன் முறை பாதுகாப்பானது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால் நேரடி இணைப்பு கிடைக்காமல் போகலாம். அத்தகைய இணைப்புகளில் 'டெயில்ஸ்கேல்' போன்ற சேவைகள் உதவும்.

இரண்டாவது பிரதி எங்கே?

தரவுப் பாதுகாப்பில் '3-2-1' விதி பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பதே அதன் பொருள். கைபேசி அல்லது கணினியில் ஒன்று, என்ஏஎஸ் கருவியில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என்று இதை எளிதில் நிறைவேற்றலாம். காரோட்டில் உள்ள குடும்பம் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதியை வைத்து, அவர்களின் பிரதியைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எனினும் ஒரே மழை இரு ஊர்களையும் பாதிக்கக்கூடும் என்பதால், ஆவணங்களை மட்டுமாவது மேகச் சேமிப்பிலும் வைப்பது நல்லது.

கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழை வலையமைப்பு 2023 ஜூன் 5ஆம் தேதி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் தொடக்கநிலை வேகம் 20 எம்பிபிஎஸ். பதிவேற்றமும் இதே வேகத்தில் கிடைப்பதாகக் கொண்டாலும், 500 ஜிபி தரவை இணையம் வழியாக அனுப்ப இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். எனவே முதல் பிரதியை யுஎஸ்பி டிஸ்க்கில் நேரில் கொண்டு சென்று, அதன் பின்னர் ஏற்படும் மாற்றங்களை மட்டும் இரவு நேரத்தில் இணையம் வழியாக அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது.

பிறர் வீட்டில் வைக்கும் பிரதியைக் குறியாக்கம் செய்வது அவசியம். அதற்கான கடவுச்சொல்லைக் கருவிக்குள் மட்டும் சேமித்தால், கருவியை இழக்கும்போது பிரதியும் பயனற்றுப்போகும். அதைத் தாளில் எழுதி, குடும்பத்தில் குறைந்தது இருவர் அறிந்த தனி இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காப்புப் பிரதியிலிருந்து ஒரு பத்திரத்தையும் ஒரு காணொலியையும் மீட்டெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது நல்லது. அவை திறந்தால்தான் காப்புப் பிரதி பயன் தரும் நிலையில் உள்ளது என்று உறுதியாகும்.