ஒரு கடைக்காரர் விட்ட நீராவிக் கப்பல்

கனடா நாட்டின் டொராண்டோ நகருக்கு வடக்கே மஸ்கோகா என்றொரு ஏரிப் பகுதி உண்டு. மஸ்கோகா, ரோசோ, ஜோசப் என மூன்று பெரிய ஏரிகள், எண்ணற்ற பாறைத் தீவுகள். கோடையில் வசதி படைத்தவர்கள் குடும்பத்தோடு தங்கப் போகும் இடம். இதை உண்டாக்கியது நீராவிக் கப்பல். முதல் கப்பலை விட்டவர் நம்மைப் போல் கடை வைத்திருந்தவர். அதனால்தான் வணிகப் பெருமக்கள் அறியட்டும் என்று எழுதுகிறேன்.

அலெக்சாண்டர் பீட்டர் கோபர்ன் என்ற அந்த வியாபாரிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சாலையும், ஏரிகளை இணைக்கும் வழியும் அமைத்துத் தந்தால், தாம் கப்பலும் விட்டுக் கடையும் திறப்பதாக 1865-ல் அரசிடம் சொன்னார். அரசு வேலை முடியும்வரை காத்திருக்கவில்லை. 1866-லேயே கிரேவன்ஹர்ஸ்டில் 'வெனோனா' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலை இறக்கிவிட்டார். காட்டுக்குள் சரக்கும் ஆளும் எவ்வளவு கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் கணக்கில் இது பெரிய துணிச்சல்தான். ரோசோ ஏரி சற்று மேட்டில் இருந்ததால், கப்பலை ஏற்றி இறக்கும் மதகு போர்ட் கார்லிங்கில் 1871-ல்தான் தயாரானது. 1875-ல் ரயிலும் கிரேவன்ஹர்ஸ்டை எட்டியது.

அங்கே இலவச நிலம் என்று நம்பிப் போன விவசாயிகள் பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணைக் கண்டு திகைத்தார்கள். பலருக்கு வயல் கைகொடுக்கவில்லை. தங்க வந்த விருந்தினர்தான் கைகொடுத்தார்கள். வீட்டிலேயே அறை வாடகைக்கு விட்டு, பால், முட்டை, காய்கறி விற்றுப் பிழைத்தார்கள். கப்பல் துறை வந்த இடத்தில் ஓட்டல் வந்தது. தபால், மூட்டை முடிச்சு, மளிகை எல்லாம் தண்ணீர் வழியேதான். மளிகைச் சாமானும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வீட்டுத் துறைதோறும் போய் விற்ற மிதக்கும் கடைகளும் இருந்தன. வாடிக்கையாளர் வாசலுக்கே கடை! ஆனால் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். ஆண்டுச் செலவு முழுவதையும் சில மாத ஓட்டத்தில் எடுத்தாக வேண்டும்.

கப்பல் கம்பெனி ஓட்டல் தொழிலிலும் இறங்கி, 1901-ல் ராயல் மஸ்கோகா என்ற பெரிய ஓட்டலைத் திறந்தது. 1906-ல் வந்த 'சகாமோ'தான் கப்பல்களிலேயே பெரியது. ஆபத்தும் இல்லாமல் இல்லை. 1934 அக்டோபரில் 'வயோமி' திடீர்ச் சூறைக்காற்றில் மூழ்கி மூவர் இறந்தனர்.

தொழிலை வீழ்த்தியது காற்றல்ல, மோட்டார் கார். சாலை நன்றாகவே, கோடை முழுவதும் தங்கியவர்கள் சனி, ஞாயிறுக்கு மட்டும் வந்து போனார்கள். பெட்டிகளோடு ரயிலிறங்கிக் கப்பலேறுவோர் குறைந்தனர். ராயல் மஸ்கோகா 1952-ல் தீக்கிரையானது. 1958-ஓடு கப்பல் ஓட்டமும் நின்றது.

ஒரு கப்பல் மட்டும் பிழைத்தது. 1887-ல் 'நிபிசிங்' என்று இரும்பு உடலோடு கட்டி, 1925-ல் 'செக்வன்' என்று புதுப்பித்த கப்பல் அது. சிலகாலம் அருங்காட்சியகமாகக் கிடந்தது. ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பழுது பார்த்து, 1981-ல் மறுபடி பயணிகளை ஏற்றினார்கள். முன்பு ஊர் போய்ச் சேரச் சீட்டு வாங்கினார்கள். இப்போது கப்பலில் ஏறிச் சுற்றுவதற்கென்றே காரில் வந்து வாங்குகிறார்கள்.