கடல் கைகொடுக்காத நாள்களில்... திரேஸ்புரத்தைத் தாங்கிப் பிடிக்கும் நம்பிக்கை!

தூத்துக்குடியில் பனி விழுந்து யாரும் பார்த்ததில்லை. வெயிலும் உப்பும்தான் இந்த ஊரின் அடையாளம். ஆனால், இங்குள்ள மீனவர் வீடுகளில் கஷ்டம் என்றதும் முதலில் வரும் பெயர், பனிமய மாதா! 'தஸ்நேவிஸ் மாதா' என்ற போர்த்துகீசியப் பெயரும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

நகரின் வடக்கே இருக்கும் திரேஸ்புரம், நாட்டுப் படகுகளின் ஊர். மீன்பிடித்தலும் சங்கு குளித்தலும்தான் பிழைப்பு. காற்று பலமாக வீசினால் படகு கரையிலேயே நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான். கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. ஆனால் அரிசிக்கடை பாக்கியும் வட்டியும் காத்திருக்காது. போனவர் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கமும் இல்லை.

இந்த நெருக்கடியில் நம்பிக்கை எப்படி உதவுகிறது? முத்துக்குளித்துறையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

எதிர்க்காற்றும் 20 படகுகளும்

1530-களில் இந்தக் கடற்கரையின் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்கான மோதலில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார்.

1544-ல் கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஊர்களை வடுகப் படையினர் தாக்கினார்கள். உயிர் தப்பிய மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஒதுங்கினார்கள். வெயில், பசி, தாகம்! செய்தி கேட்ட சவேரியார், மணப்பாட்டிலிருந்து 20 படகுகளில் உதவிப் பொருள்களோடு கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. பல நாள் போராடியும் போய்ச் சேர முடியாமல், பிறகு தரைவழியாகவே அந்த மக்களைத் தேடிப் போனார்.

ஜெபம் ஒரு பக்கம் என்றால், தண்ணீரும் உணவும் மறுபக்கம். இந்தக் கரை அறிந்த விசுவாசம் இரண்டையும் சேர்த்தே சுமந்தது.

குருமார் இல்லாத காலம்

1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதிய ஆட்சியாளர்களின் சபைக்கு மாறும்படி நெருக்கடியும் வந்தது. பெரும்பாலான பரதவர்கள் மாறவில்லை. டச்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1713-ல் இன்றைய பனிமய மாதா ஆலயம் எழும்பியது. 1806-ல் தங்கத் தேர் ஓடியது. 1982-ல் ஆலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

இதற்கிடையே முத்தும் கைவிட்டது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஊருக்குப் பெயர் தந்த தொழில் போனது. மக்கள் மீனையும் சங்கையும் நம்பி அதே கரையில் நின்றார்கள்.

காற்றுக் காலத்தில் திருவிழா

மாதாவின் பெருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் நிறைவடைகிறது. கடலில் காற்று பலமாக இருக்கும் ஆடி மாதம் அது. கையில் காசு குறைவாக இருக்கும் நாள்களில்தான் ஊரே கூடுகிறது. மதம் பார்க்காமல் எல்லோரும் வருகிறார்கள். வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களும் திரும்புகிறார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவருக்கும் ஒரு கை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கமும் இப்படித்தான். வாரம் முழுக்க அலையோடு போராடும் உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு. குடும்பத்தோடு உட்கார ஒரு நாள்.

ஜெபம் செய்தால் காற்று நின்றுவிடும் என்று அனுபவமுள்ள மீனவர் யாரும் சொல்ல மாட்டார். வானிலை எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். உயிர்காப்பு மிதவையும் காப்பீடும் வேண்டும். இவை எதுவும் நம்பிக்கைக்கு எதிரானவை அல்ல. இயேசுவின் முதல் சீடர்களில் பலர் மீனவர்கள்தான். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத அனுபவம் அவர்களுக்கும் இருந்தது.

வெறும் வலையோடு திரும்பியவரை மறுநாள் மீண்டும் படகைத் தள்ள வைப்பது எது? 'நாம் தனியாக இல்லை' என்ற உணர்வுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது அப்படியொரு காலத்தில் இருந்தால், அவருக்காக ஜெபியுங்கள். அப்படியே அடுப்பு எரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்!