கணினிக் காவலை யாரிடம் ஒப்படைப்பது?

யாழ். குடாநாட்டின் வர்த்தகம் பேரேட்டிலிருந்து கணினிக்கு வேகமாக இடம்மாறி வருகின்றது. கன்னாதிட்டி நகைக் கடையின் அடகுப் பதிவு, ஐந்துசந்தி மொத்த வியாபாரியின் கடன் கணக்கு, தனியார் வைத்தியசாலையின் நோயாளர் விபரம், சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கிளை வைத்திருக்கும் அங்காடியின் இருப்புக் கணக்கு என்பனவெல்லாம் இன்று இணையத்தின் வழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னர் கடையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டால் கணக்கும் பூட்டப்பட்டுவிடும். இப்பொழுதோ கடை பூட்டப்பட்ட பின்னரும் கணக்கு இணையத்தோடு இணைந்தே இருக்கின்றது.

இந்நிலையில், "உங்கள் வலையமைப்பையும் அதன் பாதுகாப்பையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதக் கட்டணம் செலுத்தினால் போதும்" என்று கூறும் சேவை வழங்குநர்களை எமது வர்த்தகர்கள் நாடுவது இயல்பானதே. சொந்தமாக ஒரு கணினிப் பொறியியலாளரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் வசதி எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. ஆயினும் இச்சேவைகளை ஒப்பிடும்போது பலரும் இணையத்தின் வேகத்தையும் கட்டணத்தையும் மாத்திரமே பார்க்கின்றனர். எல்லாம் ஒழுங்காக இயங்கும் நாளில் எந்த நிறுவனமும் நல்ல நிறுவனமாகவே தோன்றும். எல்லாம் நின்றுபோகும் நாளில் அது என்ன செய்யும் என்பதை வைத்தே அதனை அளக்க வேண்டும்.

முதலில், விற்கப்படுவது எது என்பதில் தெளிவு வேண்டும். வலையமைப்புச் சேவை என்பது கிளைகளை இணைக்கும் தொடுப்புகள், ரவுட்டர்கள், வைஃபை முதலியவற்றை அமைத்து அவை அறுபடாமல் பார்த்துக்கொள்வதாகும். பாதுகாப்புச் சேவை என்பது வேறு. உள்ளே யார் நுழைகிறார், வழமைக்கு மாறாக எது நடக்கிறது என்பதை இடைவிடாது கண்காணித்தல், மென்பொருள்களை உரிய காலத்தில் புதுப்பித்தல், ஊடுருவல் நிகழ்ந்தால் அதனைத் தடுத்து நிறுத்தல் என்பன அதில் அடங்கும். ஃபயர்வோல் எனப்படும் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டு அதற்கே பாதுகாப்புச் சேவை என்று பெயரிடுவதுண்டு. பெட்டி எச்சரிக்கை எழுப்பும். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்த எச்சரிக்கையைப் படிப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இதனை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. ஒருவர் வாரத்துக்கு 40 மணித்தியாலம் பணிபுரிவதாகக் கொண்டால், ஒரே ஓர் இருக்கையை இரவு பகலாக நிரப்புவதற்குக் குறைந்தது ஐவர் தேவை. மூன்று பேர் பணிபுரியும் நிறுவனமொன்று 24 மணி நேரக் கண்காணிப்பு என்று வாக்களித்தால், அவர்கள் உறங்கும் வேளையில் கண்காணிப்பவர் யார் என்று வினவுவதில் தவறில்லை.

இன்று எமது வர்த்தகர் முன்னால் பொதுவாக நான்கு தெரிவுகள் உள்ளன. முதலாவது, ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள். தொடுப்பும் அவர்களுடையதே என்பதால் அது அறுந்தால் யாருடைய பிழை என்ற வாக்குவாதம் குறையும். எனினும் பெரிய நிறுவனங்களில் சிறிய வாடிக்கையாளரின் குரல் எளிதில் மேலே எட்டுவதில்லை. இரண்டாவது, கொழும்பைத் தளமாகக் கொண்ட பாதுகாப்புத் துறை நிறுவனங்கள். நிபுணத்துவம் அதிகம், ஆனால் பழுதான கருவியை மாற்ற ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வரவேண்டும். மூன்றாவது, யாழ்ப்பாணத்திலேயே இயங்கும் சிறிய நிறுவனங்கள். அழைத்தால் அரை மணித்தியாலத்தில் வாசலில் நிற்பார்கள். ஆனால் இரவுக் காவலுக்கு ஆளணி போதாதிருக்கலாம். நான்காவது, கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வது. நம்பிக்கை உண்டு, எழுத்து ஒப்பந்தம் இல்லை. இவற்றுள் எதுவும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அன்று. எந்தக் குறையை எவ்வாறு நிரப்புவது என்று அறிந்து தெரிவு செய்வதே முறையாகும்.

காவலரே ஆபத்தின் வாசலாகவும் மாறலாம் என்பதை 2021 ஜூலை 2ஆம் திகதி உலகம் கண்டது. சேவை வழங்குநர்கள் தமது வாடிக்கையாளரின் கணினிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்குப் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றை அமெரிக்காவின் கசேயா நிறுவனம் வழங்கி வந்தது. அம்மென்பொருளிலிருந்த ஓட்டையின் ஊடாகக் கப்பம் கோரும் கும்பலொன்று நுழைந்தது. கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்களில் பாதிக்கப்பட்டவர்கள் 60க்கும் குறைவானவர்களே. ஆனால் அவர்களை நம்பியிருந்த 1500 வரையான வியாபாரங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. சுவீடனின் கூப் அங்காடி நிறுவனம் பணப்பெட்டிகள் இயங்காமையால் தனது சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூட நேர்ந்தது. கூப் நிறுவனம் கசேயாவின் வாடிக்கையாளரே அல்ல. அதற்குச் சேவை வழங்கியவரே அம்மென்பொருளைச் சார்ந்திருந்தார். தாக்குதல் நிகழ்ந்தது அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பலர் விடுமுறையில் செல்லும் வேளை பார்த்தே திருடர் வருவர் என்பதற்கு இது சான்றாகும்.

எமது நாட்டிலும் அனுபவம் இல்லாமலில்லை. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்ப மென்பொருள் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் கணக்குகளில், அவ்வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகும்; அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அந்த மாதங்களுக்கு, வலையமைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதியும் இருக்கவில்லை. இரண்டுமே விலையுயர்ந்த கருவிகள் இல்லாமையால் நேர்ந்த குறைகள் அல்ல. புதுப்பித்தல், பிரதி எடுத்தல் என்ற அன்றாட வேலைகள் தவறியதன் விளைவுகள்.

ஆவணத்தை இழப்பதன் வலி என்னவென்று எமது மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் வீட்டோடும் கடையோடும் காணி உறுதிகளையும் கணக்கேடுகளையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. கடன் கொடுத்தவரிடம் அதற்குச் சான்று இல்லை, காணிக்காரரிடம் உறுதி இல்லை என்ற நிலையில் மீளத் திரும்பியோர் பட்ட பாடு இரு சமூகங்களும் அறிந்ததே. அன்று பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்கும் வாய்ப்பு அநேகருக்கு இருக்கவில்லை. இன்று அவ்வாய்ப்பு இருக்கின்றது. கணக்கின் மூன்று பிரதிகள், இரு வேறு வகை ஊடகங்களில், ஒன்றாவது வேறிடத்தில் வலையமைப்போடு தொடர்பற்று இருக்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய விதி. சேவை வழங்குநரிடம் "பிரதி எடுக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "அப்பிரதியிலிருந்து எமது கணக்கை மீட்டு எமக்கு முன்னால் காட்டுங்கள்" என்று ஆண்டுக்கு இருமுறையாவது கேட்க வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தத்தில் காணப்படும் வீதங்களைக் கவனிப்போம். 99 வீதம் இயங்கும் என்ற உறுதி கேட்பதற்கு இனிமையானது. ஆனால் எஞ்சிய ஒரு வீதம் ஆண்டொன்றுக்கு 87 மணித்தியாலத்துக்கு மேலாகும். அதாவது மூன்றரை நாட்களுக்கும் அதிகம். 99.9 வீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் மாத்திரமே. மேலும், "ஒரு மணித்தியாலத்தில் பதிலளிப்போம்" என்பதும் "நான்கு மணித்தியாலத்தில் சீர்செய்வோம்" என்பதும் ஒன்றல்ல. தொலைபேசியை எடுத்து முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தாலே முன்னையது நிறைவேறிவிடும். வாக்குத் தவறினால் கிடைக்கும் நட்டஈடும் பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியே ஆகும். தைப்பொங்கலுக்கு முன்தினமோ நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவோ பற்றுச்சீட்டு இயந்திரம் நின்றுபோனால் இழக்கும் வியாபாரத்தை அக்கழிவு ஈடுசெய்யாது.

எமது குடாநாட்டின் இருப்பிடத்தை ஒட்டிய கேள்விகளும் சில உண்டு. மாற்றுக் கருவிகள் யாழ்ப்பாணத்திலேயே இருப்பில் உள்ளனவா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா? இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு தொடுப்புகள் பெற்றிருந்தாலும் அவ்விரண்டும் ஒரே பாதையில், ஒரே தூண்களில் வருமாயின் ஒரு விபத்தில் இரண்டுமே அறுந்துவிடும். ஆகவே அவை வெவ்வேறு பாதைகளில் வருகின்றனவா என்று எழுத்தில் கேட்பது நல்லது. 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கும் ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தை, தரைவழித் தொடுப்பு அறும்போது பயன்படும் மூன்றாம் வழியாகக் கருதலாம். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டமை இத்தகைய முன்னேற்பாட்டின் தேவையை உணர்த்திற்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு நிலவியதையும் மறந்துவிடலாகாது. கடையில் மின்பிறப்பாக்கி இருந்தாலும், வழங்குநரின் இடைநிலையக் கருவிக்கு மின்கலம் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டணம் ரூபாவிலா டொலரிலா என்பதும் முக்கியமானது. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வருடம் மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. டொலரில் ஒப்பந்தம் செய்தவரின் செலவும் அதே வீதத்தில் ஏறிற்று. அவ்வாறே, அவசர வேளையில் அழைப்பை ஏற்பவர் தமிழில் விளங்கிக்கொள்வாரா என்பதையும் சிறிய விடயமாகக் கருதக் கூடாது. இரவுக் காவலில் நிற்கும் ஊழியர் தமக்குத் தெரிந்த மொழியில் நிலைமையைச் சொல்ல முடியாமற் போனால், முதல் அரை மணித்தியாலம் வீணாகிவிடும்.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் தெளிவாகவே உள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளரின் தரவுகளை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் கொடுக்கும்போது, தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளை உறுதிப்படுத்தக்கூடியவரையே தெரிவு செய்து, அவரை ஒப்பந்தத்தாற் கட்டுப்படுத்த வேண்டும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய ஏற்பாடுகள் பின்போடப்பட்டன என்பது உண்மையே. ஆனால் நோயாளியின் இரகசியமோ அடகு வைத்தவரின் விபரமோ வெளியானால், அம்மனிதர் வந்து நிற்பது கடை வாசலிலேயன்றி வழங்குநரின் வாசலில் அன்று. வேலையை ஒப்படைக்கலாம், நம்பிக்கைக்கான பொறுப்பை ஒப்படைக்க முடியாது. எனவே, ஊடுருவல் தெரியவந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் வழங்குநர் எமக்கு அறிவிப்பார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, பிரியும் நாளைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைக்கும்போது காணி உறுதியை அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் கணினி விடயத்தில் பலர் அதையே செய்கின்றனர். இணைய முகவரி வழங்குநரின் பெயரில் பதிவாகியிருக்கும். ரவுட்டரின் தலைமைக் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருக்கும். கணக்கின் பிரதிகள் அவருடைய சேர்வரில் இருக்கும். பிணக்கு ஏற்படும் நாளில் கடைக்காரர் தமது கடைக்கே அந்நியராகிவிடுவார். இணைய முகவரி நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். கடவுச்சொற்களின் பிரதி முத்திரையிட்ட உறையில் உரிமையாளரின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது தரவுகள் எந்த வடிவில், எத்தனை நாட்களில் கையளிக்கப்படும் என்பதும் எழுதப்பட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சிறிய கடைக்காரர் தனித்து நின்று கேட்பது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவி நடத்திக் காட்டிய மண் இது. இருபது முப்பது வர்த்தகர்கள் தமது சங்கத்தின் ஊடாக ஒன்றுசேர்ந்து ஒரே ஒப்பந்த மாதிரியைத் தயாரித்துக் கேள்விப்பத்திரம் கோருவார்களாயின், பெரிய நிறுவனங்களும் செவிசாய்க்கும். கொழும்பு நிறுவனத்தின் இரவுக் கண்காணிப்பையும் உள்ளூர் நிறுவனத்தின் விரைந்த வருகையையும் ஒரே உடன்படிக்கையில் இணைப்பதும் அப்போது சாத்தியமாகும். யாழ். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கும் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்து மாணவர்களுக்கும் சொந்த மண்ணிலேயே தொழில் கிடைக்க அது வழிவகுக்கும். வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கூட்டுறவு அமைப்புகளும் இதனைத் தமது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்வது காலத்தின் தேவையாகும். அதுவரை ஒவ்வொரு வர்த்தகரும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தமது வழங்குநரை அழைத்து, கடந்த மாதத்துக் கணக்கைப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டும்படி கேட்டுப் பார்க்கட்டும். அவர் காட்டும் கணக்கு, அல்லது காட்டாமல் சொல்லும் காரணம், எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாக அவரது தரத்தை உணர்த்திவிடும்.