கோழிச் செள்ளுக்கு டயட்டம் மண்

அந்தியானதும் கோழி கூண்டில் அடையாமல் மரத்தில் ஏறுதா? ராத்திரி விளக்கெடுத்துக் கூண்டைப் பாருங்க. பகலில் இடுக்கில் ஒளிந்த சிவப்புச் செள்ளு அப்போதுதான் இரத்தம் குடிக்க வரும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், குஞ்சுகள் சோகையில் சாகும்.

டயட்டம் மண் என்பது நுண்பாசிகளின் சிலிகா ஓடுகள் படிந்த தூள். செள்ளின் தோல்மெழுகை அது உறிஞ்சிவிடும். செள்ளு காய்ந்து சாகும். ஈரம் பட்டால் பலிக்காது.

கோழிகளை வெளியே விட்டு, கூண்டைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இடுக்குகளில் மெல்லிசாகத் தூவுங்கள். மூக்கில் துணி கட்டிக்கிடுங்க. நீச்சல்குள வடிகட்டித் தூள் மட்டும் வேண்டாம்; அது நுரையீரலுக்குக் கேடு. செள்ளின் முட்டை இதற்குச் சாகாது. பொரித்து வருபவற்றுக்காக ஒரு வாரத்தில் மறுபடியும் தூவுங்கள்.