நகராட்சி அனுமதி இருந்தும் இடிந்த வீடு: ஸ்பெயின் கிராமங்களில் ஓய்வுகால இல்லம் கட்டியவர்களுக்கு நேர்ந்தது என்ன?

ஸ்பெயினின் தென்கிழக்கே அல்மேரியா மாகாணத்தில் உள்ள வேரா என்ற சிற்றூரில், 2008-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி, ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதியின் வீடு இயந்திரங்களைக் கொண்டு இடித்துத் தள்ளப்பட்டது. அது ஆக்கிரமிப்பு நிலத்தில் எழுந்த வீடு அல்ல. நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. வீடு கட்ட வேரா நகராட்சி எழுத்துப்பூர்வ அனுமதி வழங்கியிருந்தது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டிருந்தார்கள். இடிப்புக்குப் பின் எஞ்சியது வாகனக் கொட்டகை மட்டுமே. மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் துண்டிக்கப்பட்ட நிலையில், அந்தக் கொட்டகையிலேயே அத்தம்பதி பல ஆண்டுகள் வாழ்ந்தனர்.

இடிப்புக்கு வழிவகுத்த நீதிமன்ற நடவடிக்கையில் வீட்டு உரிமையாளர்களின் தரப்பு கேட்கப்படவே இல்லை என்றும், அது அவர்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்றும் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது வீடு இல்லை.

வெளிநாட்டில், கடலுக்கோ மலைக்கோ அருகில், நிலம் மலிவாகக் கிடைக்கும் ஒரு கிராமத்தில் சொந்த வீடு கட்டி முதுமையைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை இன்று பிரிட்டிஷாருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அந்த ஆசை பெரும் எண்ணிக்கையில் பரிசோதிக்கப்பட்ட இடம் என்று அல்மேரியாவையும் அது அடங்கிய ஆண்டலூசியா தன்னாட்சிப் பிராந்தியத்தையும் சொல்லலாம். அங்கே என்ன பிழை நடந்தது, எந்த ஆவணம் காப்பாற்றியது, எது கைவிட்டது என்பது எந்த நாட்டில் நிலம் வாங்க நினைப்பவருக்கும் பயன்படும்.

ஏன் அல்மேரியா?

ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் வெயில் அடிக்கும் வறண்ட நிலப்பகுதி அது. அதன் உட்புறத்தில் அல்மன்சோரா ஆற்றுப் பள்ளத்தாக்கு. பெயரளவில்தான் ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணல் படுகை. பாதாம் மரங்களும் ஆலிவ் மரங்களும் நிற்கும் மானாவாரி நிலம். இளையோர் வேலை தேடி வெளியேறியதால் அல்போக்ஸ், அர்போலியாஸ், சுர்கேனா, கன்டோரியா போன்ற ஊர்களைச் சுற்றிய நிலங்கள் விலை போகாமல் கிடந்தன.

1990-களின் இறுதியில் நிலைமை மாறியது. மலிவு விமானச் சேவைகள் வந்தன. இங்கிலாந்தில் ஒரு நடுத்தர வீட்டை விற்ற பணத்தில், இங்கே நீச்சல் குளத்துடன் ஒரு வீடு கட்டி மிச்சமும் வைத்துக்கொள்ள முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்ற முறையில் அன்று பிரிட்டிஷாருக்குக் குடியேற விசா தேவைப்படவில்லை. விவசாயிக்கு, பயனற்ற பாதாம் தோட்டம் திடீரெனப் பணமாயிற்று. கட்டுமான நிறுவனங்களுக்கு வேலை, நகராட்சிகளுக்குக் கட்டண வருவாய், தரகருக்குக் கமிஷன். சட்டத்தை நினைவூட்டுவதால் லாபம் அடையக்கூடியவர் அந்த வட்டத்தில் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே வீட்டுக்கு நான்கு அலுவலகங்கள்

பிரச்சினையின் வேர், ஸ்பெயினில் நிலத்தின் மீது அதிகாரம் பிரிந்து கிடக்கும் விதத்தில் இருக்கிறது. கட்டட அனுமதியை வழங்குவது நகராட்சி. எந்த நிலத்தில் கட்டலாம், எதில் கூடாது என்ற சட்டத்தை இயற்றுவது பிராந்திய அரசு. விற்பனைப் பத்திரத்துக்குச் சான்றளிப்பவர் நோட்டரி. உரிமையைப் பதிவு செய்வது சொத்துப் பதிவகம். இவை ஒவ்வொன்றும் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும், வீடு சட்டவிரோதமாக இருக்க முடியும்.

ஆண்டலூசியாவின் 2002-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் நிலத்தை நகர்ப்புற நிலம், நகர்ப்புறமாக மாற்றத்தக்க நிலம், மாற்றத்தகாத நிலம் என மூன்றாக வகைப்படுத்தியது. மூன்றாவது வகையில், விவசாயத் தேவைக்கு அல்லாமல் தனி வீடு கட்ட ஏறக்குறைய இடமே இல்லை. பள்ளத்தாக்கின் பாதாம் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த வகை. ஆனாலும் நகராட்சிகள் பல அனுமதிகளை வழங்கின. சில இடங்களில் வேளாண் கருவிகள் வைக்கும் கிடங்கு என்று அனுமதி பெற்று, அதன் மீது மூன்று படுக்கையறை வீடு எழுந்தது. சில இடங்களில் ஒரே தோட்டம் பல துண்டுகளாக விற்கப்பட்டு, சாலையும் கழிவுநீர் வசதியும் இல்லாத குடியிருப்பாக உருமாறியது.

வாங்கியவர்கள் விசாரிக்காமல் இல்லை. அவர்கள் விசாரித்த இடம்தான் தவறு. ஸ்பெயினில் நோட்டரி என்பவர் அரசு நியமிக்கும் உயர் சட்ட அலுவலர். அவர் முன்னிலையில் கையெழுத்திட்ட பத்திரம் இருந்தால் எல்லாம் சரி என்று வெளிநாட்டவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் நோட்டரி உறுதிசெய்வது முக்கியமாக விற்பவரின் அடையாளத்தையும், உரிமையையும், விற்பனை சட்டப்படி நடந்ததையும்தான். பதிவகத்தில் கிடைக்கும் சொத்து விவரச் சான்று, நம் ஊர் வில்லங்கச் சான்றைப் போல, உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று சொல்லும். அந்த நிலத்தில் வீடு கட்டலாமா என்று அது சொல்வதில்லை. கட்டடம் இத்தனை ஆண்டு பழையது என்று நிரூபித்தால், கட்டுமான அனுமதி இல்லாத வீட்டையும் பதிவகத்தில் ஏற்ற வழி உண்டு. பதிவானது என்பதும் முறையானது என்பதும் அங்கே இரு வேறு செய்திகள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது மொழி சார்ந்தது. வீட்டைக் காட்டியவரும் ஆங்கிலம் பேசுபவர். அவர் பரிந்துரைத்த வழக்கறிஞரும் ஆங்கிலம் பேசுபவர். பல விற்பனைகளில் கட்டுமான நிறுவனம், தரகர், வாங்குபவரின் வழக்கறிஞர் ஆகிய மூவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். வாங்குபவர் பிரிட்டனில் இருந்தபடியே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். அவருக்காக மட்டும் பேச அந்த அறையில் யாரும் இருந்ததில்லை.

இடியாத வீடுகளின் கதை

2003-க்குப் பின் பிராந்திய அரசு நகராட்சி அனுமதிகளுக்கு எதிராக நீதிமன்றம் செல்லத் தொடங்கியது. வேரா இடிப்பு அதன் விளைவு. பள்ளத்தாக்கின் சில ஊர்களில் முன்னாள் மேயர்கள் நகரமைப்புக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஸ்பெயினில் கட்டுப்பாடற்ற நகரமயம் ஐரோப்பியக் குடிமக்களின் உரிமைகளைப் பாதிப்பது குறித்து ஐரோப்பிய நாடாளுமன்றம் 2009 மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றியது.

உண்மையில் இடிக்கப்பட்ட வீடுகள் மிகச் சில. ஆண்டலூசியாவில் முறையற்ற நிலையில் இருக்கும் வீடுகள் சுமார் 3 லட்சம் என்பது பிராந்திய அரசே ஏற்றுக்கொண்ட கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பானியர்களுக்கே சொந்தமானவை. அத்தனையையும் இடிக்க எந்த அரசாலும் இயலாது. ஆகவே செய்தியில் இடம்பெறாத வேறொரு துன்பம் நீண்டது. குடியிருப்புக்கான முதல் அனுமதிச் சான்று இல்லாத வீட்டுக்கு முறையான மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடைக்காது. கட்டுமானப் பணிக்கென வழங்கப்பட்ட தற்காலிக மின் இணைப்பிலேயே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அதுவும் இல்லாதவர்கள் ஜெனரேட்டர் வைத்தார்கள், தண்ணீரை லாரியில் வரவழைத்தார்கள். அறுபது வயதில் இதைச் சமாளிக்கலாம். எண்பதில், துணையை இழந்து, சொந்த நாட்டில் பிள்ளைகளிடம் திரும்ப நினைக்கும்போது, சட்ட நிலை தெளிவில்லாத வீட்டை வாங்க ஆள் கிடைப்பது அரிது. வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. ஓய்வுகால இல்லத்தில் இருந்து வெளியேற இயலாமை, அதை இழப்பதற்கு அடுத்த கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

அல்மன்சோரா பள்ளத்தாக்கின் வீட்டு உரிமையாளர்கள் ‘அபுசோஸ் உர்பனிஸ்டிகோஸ் அல்மன்சோரா நோ’ என்ற சங்கமாகத் திரண்டனர். ஊர்வலம், மனு, மாட்ரிட் வரை நீண்ட சந்திப்புகள் எனப் பல ஆண்டுகள் போராடினர். பலன் மெதுவாக வந்தது. 2015-இல் திருத்தப்பட்ட ஸ்பெயின் தண்டனைச் சட்டம், நல்லெண்ணத்துடன் வாங்கிய மூன்றாம் நபருக்கு இழப்பீடு கிடைப்பதை உறுதிசெய்த பிறகே இடிப்பை நடத்த நீதிமன்றம் நிபந்தனை விதிக்க வழி செய்தது. 2019 செப்டம்பரில் ஆண்டலூசியா அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், இத்தகைய வீடுகளுக்கு ஒரு இடைநிலை அங்கீகாரம் பெறும் பாதையை எளிதாக்கியது.

அந்த அங்கீகாரத்தின் சுருக்கப் பெயர் ‘ஆஃபோ’. நடவடிக்கை எடுப்பதற்கான கால வரம்பு கடந்துவிட்ட வீட்டை அரசு இனி இடிக்காது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு மின்சாரமும் தண்ணீரும் பெறலாம் என்பதே அதன் பொருள். வீடு சட்டப்பூர்வமாகிவிட்டது என்று பொருளல்ல. பழுது பார்க்கலாம், விரிவாக்கம் செய்ய இயலாது. சிறப்புப் பாதுகாப்பு பெற்ற இயற்கை நிலத்திலோ வெள்ள அபாயப் பகுதியிலோ இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. இன்று அல்மேரியாவின் வீட்டு விளம்பரங்களில் ‘ஆஃபோ உண்டு’ என்பது சிறப்புத் தகுதியாக எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் புதியவர், அது நோய் குணமான சான்று அன்று, நோய் முற்றாது என்ற சான்று என்று புரிந்துகொள்வது நல்லது.

இப்போது கட்ட நினைத்தால்

2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய நிலச் சட்டம், ஆண்டலூசியாவின் நிலங்களை நகர்ப்புறம், ஊரகம் என இரண்டாகச் சுருக்கியது. ஊரக நிலத்தில் தனி வீடு கட்ட, கடும் நிபந்தனைகளுடன், ஒரு வழி திறந்தது. அதற்காகப் பழைய பாதாம் தோட்டங்கள் எல்லாம் மனைகளாகிவிடவில்லை. நிலத்தின் பரப்பு, சுற்றிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கை, அது புதிய குடியிருப்பு உருவாக வழிவகுக்குமா என்ற கேள்வி ஆகியவை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பரிசீலிக்கப்படும்.

நிலம் வாங்கும் முன் கேட்க வேண்டிய தாள், நகராட்சி அளிக்கும் நகரமைப்புச் சான்று. குறிப்பிட்ட நிலத்துண்டு எந்த வகையில் அடங்கும், அதில் என்ன கட்டலாம், ஏதேனும் நடவடிக்கை நிலுவையில் உள்ளதா என்பதை அது எழுத்தில் சொல்லும். வேராவின் அனுபவத்துக்குப் பிறகு அதுவும் போதாது. நகராட்சி சொல்வது பிராந்தியச் சட்டத்துடன் பொருந்துகிறதா என்பதைத் தனக்கென அமர்த்திய வழக்கறிஞரும், உள்ளூர் கட்டடக் கலைஞரும் தனித்தனியே பார்க்க வேண்டும். பழைய கட்டடம் வாங்கினால் ஆண்டலூசியாவில் 7 சதவீதச் சொத்து மாற்று வரி உண்டு. புதிய வீட்டுக்கு 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி.

வீடு சரியாக இருந்தாலும் அதில் தங்கும் உரிமை தனிக் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து பிரிட்டன் விலகியதன் விளைவாக, 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷாரும் விசா இன்றி எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் மட்டுமே தங்க முடியும். ஸ்பெயினில் 5 லட்சம் யூரோ மதிப்பில் சொத்து வாங்கினால் வசிப்புரிமை தரும் ‘தங்க விசா’ 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு இப்போது பெரிதும் பயன்படுவது, வேலை செய்ய அனுமதிக்காத வசிப்பு விசா. 2025 நிலவரப்படி அதற்கு மாதம் 2,400 யூரோ வருமான ஆதாரமும், உடன் வரும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் கூடுதலாக 600 யூரோவும், தனியார் மருத்துவக் காப்பீடும் தேவை.

இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டில் வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் அனுமதிக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், இத்தகைய நோக்கத்துக்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகை மீது 20 சதவீதம் வரி முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் தெரிவிப்பது கட்டாயம். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடும்.

நிலத்தின் வகையைப் பற்றிய கவலை இந்தியச் சட்டத்துக்கும் புதியதல்ல. வெளிநாடு வாழ் இந்தியரும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்போரும் இங்கே அடுக்ககமும் வீடும் வாங்கலாம். விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ பொது அனுமதியின் கீழ் விலைக்கு வாங்க முடியாது. ஸ்பெயினில் வெளிநாட்டவருக்கு அத்தகைய பொதுத் தடை இருந்திருக்கவில்லை. பாதாம் தோட்டத்தை யார் வேண்டுமானாலும் வாங்க முடிந்தது. அதில் வீடு கட்டலாமா என்ற கேள்விக்குத்தான், பணம் கைமாறிய பிறகு பதில் வந்தது.